வலது ஓரக் குழி

பழைய மைதானத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு பேர்.
பன்னிரண்டாவது ஆள் ஒரு குழி.
'டி'க்குள், வலது ஓரம்,
கோல் கம்பத்திலிருந்து ஒன்பது எட்டு.
வெளியூர்க்காரன் அடிக்கும் பந்து அதில் விழுந்து
எழும்பும்போது வேறு பந்தாகியிருக்கும்.
எந்தப் பக்கம் திரும்பும் என்று
கோல்கீப்பர் எனக்குத் தெரியும்,
ஃபுல்பேக் சங்கிலிப்பாண்டிக்குத் தெரியும்,
மத்தியானம் அதில் சுருண்டு கிடக்கும்
செவலை நாய்க்கும் தெரியும்.

இந்த வருஷம் நீலத் தரை வந்தது.
கோவில்பட்டி பைபாஸ் ஓரம்
நேற்றுவரை பருத்தி வெடித்த கரிசலில்
நாலு விளக்குக் கோபுரம், இரும்புப் படிக்கட்டு,
உடுப்பு மாற்றத் தனி அறை, அதில் ஆளுயரக் கண்ணாடி.
ஹாக்கிக்கு மாசச் சம்பளம்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஜெபசிங்
பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான்.
சட்டை நெஞ்சில் தீப்பெட்டிக் கம்பெனியின் படம்:
ஒற்றைக் குச்சி, இன்னும் உரசாதது.

நீலத் தரைக்குப் பொய் சொல்ல வராது.
அடித்த இடத்துக்குப் பந்து போகிறது.
எல்லாருக்கும் போகிறது, அதுதான் சங்கடம்.
முதல் ஆட்டத்தில் ஐந்து வாங்கினேன்.
அடுத்ததில் நாலு.
மூன்றாவதில் விளக்கு அணைந்து ஆட்டம் நின்றது,
அன்றைக்கு மட்டும் கைதட்டல்.

அந்தத் தரைக்குத் தாகம் வேறு.
நனைக்காமல் ஆடினால் முட்டித் தோல் உரியும்.
ஆட்டத்துக்கு ரெண்டு லாரி.
எத்திராஜ் வால்வைத் திறப்பான்,
தெளிப்பான்கள் சீறும்,
சாயங்கால வெயிலில் ஒரு நிமிஷம் வானவில்கூட வரும்.
குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற ஊர்
படிக்கட்டில் உட்கார்ந்து
அதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆறாவது ஆட்டம், ஆறாவது கோல்.
மேல்படியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்:
"ஏல, தோக்கதுக்கா ரெண்டு லாரித் தண்ணி?"
நடுவர் சிரித்தார்.
நான் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

புதுக் கோச் வீடியோ போட்டுக் காட்டினார்.
இருபத்துமூன்று கோல், வரிசையாக.
இருபது இடது பக்கம்.
"எதுக்குய்யா வலது பக்கம் சாஞ்சே நிக்கே?
அங்க என்ன இருக்கு?"
நிறுத்திய படத்தில் என்னையே பார்த்தேன்.
அரை எட்டு தள்ளி,
இல்லாத ஒன்றுக்குக் காவல்.
பின்வரிசையில் சங்கிலிப்பாண்டி
மெதுவாகச் சொன்னான்: "குழி."
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அவனும் படத்தில் வலது பக்கம்தான் சாய்ந்திருந்தான்.

மறுநாள் விடியுமுன் பழைய மைதானத்துக்குப் போனேன்.
கம்பங்களைப் பிடுங்கியிருந்தார்கள்.
ஒன்பது எட்டு வைக்க
எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.
நாய் மட்டும் சரியான இடத்தில் படுத்திருந்தது.

கால் லேசில் கேட்கவில்லை.
பயிற்சியில் இடது பேடில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டேன்.
கோடு கம்பத்துக்கு நேரே இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.
நாலு ஆட்டம் கணக்கு தப்பியது.
ஒன்றில் சரியாக நின்றேன்,
அன்று பந்து வலது பக்கம் வந்தது.

கடைசி ஆட்டம், திண்டுக்கல்காரர்களோடு.
லாரி ஒன்றுதான். இன்னொன்று
வழியிலேயே மறிக்கப்பட்டதாக எத்திராஜ் சொன்னான்,
எந்தத் தெருவில் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
தரையின் பாதி மினுங்கியது, பாதி வெளிறிக் கிடந்தது.
ஜெபசிங் ஒரு கோல் போட்டான்,
எப்படியென்று அவனுக்கே விளங்கவில்லை.
அவர்களும் ஒன்று போட்டார்கள்.
முடிய நாற்பது விநாடி, பெனால்டி கார்னர்.
அடித்தவன் என் இடது பக்கத்தைப் பார்த்தான்.
எங்கள் வீடியோவை அவனும் பார்த்திருக்கிறான்.

பந்து நேராக வந்தது.
ஒரு திருப்பமும் இல்லை.
சுண்ணாம்புக் கோட்டில் பட்டு
வெளியே ஓடியது.

ஒன்றுக்கு ஒன்று. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம்.
கவசத்தைக் கழற்றி, வியர்வையை உதறி,
மேல்படியைத் தேடினேன்.
இடுப்பில் கையூன்றி அவள் நின்றிருந்தாள்.
"சரி போ, இந்த ஒரு லாரி கழிஞ்சுது."